விழுந்தவன் குற்றமா? விற்றவன் குற்றமா?

வண்டி வழுக்கிற்று. ஓட்டியவர் விழுந்தார். முழங்கை சிராய்ந்தது, பக்கக் கண்ணாடி நொறுங்கிற்று, பெட்ரோல் டாங்க்கிலே நீளமாக ஒரு கோடு விழுந்தது. நாலு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். ஐந்தாமவர் தண்ணீர் கொடுத்தார். ஆறாமவர் தீர்ப்பு கொடுத்தார்!

ஆமாம், தோழர்களே! நம் தெருக்களிலே தண்ணீர் வருவதற்குத் தாமதம் ஆகலாம். தீர்ப்பு வருவதற்குத் தாமதமே ஆவதில்லை. "வண்டியே மோசம்; கம்பெனிக்காரன் தகரத்தைத் தட்டி வண்டி என்று தலையிலே கட்டிவிட்டான்" என்பது ஒரு தீர்ப்பு. "ஓட்டத் தெரியாதவனுக்கு எதற்கய்யா வண்டி?" என்பது இன்னொரு தீர்ப்பு. "போதாத காலம்; சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தும் தப்பவில்லையே!" என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை வந்த வழியே அனுப்பிவிடுவோம். எலுமிச்சம்பழத்துக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது. எஞ்சிய இரண்டு தீர்ப்புகளைத்தான் இன்று எடை போட்டுப் பார்க்கப் போகிறோம்.

"கீழே விழுந்த கதையெல்லாம் ஒரு தலையங்கமா? நாட்டிலே வேறு பிரச்சினையே இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். மோட்டார் சைக்கிள் என்பது நம் நாட்டிலே மிட்டா மிராசுகளின் மேனி மினுக்கும் பொருள் அல்ல. கொத்தனார் கரண்டியோடு ஏறுவது அதிலேதான். எலக்ட்ரீசியன் ஏணியோடு ஏறுவது அதிலேதான். இரவு ஷிப்ட் முடித்த ஆலைத் தோழர், கண் எரிய எரிய வீடு திரும்புவது அதிலேதான். மனைவி பின்னே, மகள் முன்னே, மாதத் தவணை தலைமேலே என்று போகிறானே, அந்த ஏழையின் தேர் அது! அவனுக்குக் கை சுளுக்கினால் மூன்று நாள் கூலி போயிற்று. கண்ணாடியும் விளக்கும் உடைந்தால் மளிகைக் கடைக் கணக்கு நின்றது. சிறு விபத்து என்கிறார்களே, யாருக்குச் சிறிது? இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஏட்டிலே சிறிது. இவன் வீட்டு அடுப்பிலே பெரிது!

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள். மாண்டவர் 1,68,491 பேர். அவர்களிலே 74,897 பேர், அதாவது 100-க்கு 44-க்கு மேல், இருசக்கர வண்டியிலே சென்றவர்கள். விபத்து எண்ணிக்கையிலே அந்த ஆண்டு முதலிடம் பெற்ற மாநிலம் எது தெரியுமா? பெருமைப்பட முடியாத அந்த முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். இவை போலீஸ் ஏட்டிலே ஏறியவை. வழுக்கி விழுந்து, தூசி தட்டி எழுந்து, மெக்கானிக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்களின் கணக்கை எழுத எந்த ஏடும் இல்லை. ஏட்டிலே ஏறாத அந்த விபத்துகளைப் பற்றித்தான் நம் பேச்சு. ஏனென்றால் இன்றைய சிறு விழலிலே எது காரணம் என்று கண்டு திருத்தாதவன்தான், நாளை அந்தப் பெரிய கணக்கிலே ஒரு எண்ணாக ஆகிறான்.

ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன?

வாயால் தீர்ப்பளிப்பது எளிது. விழுந்த இடத்துக்கே போய் விசாரித்தவர்கள் உண்டா? உண்டு. அமெரிக்காவிலே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவர் குழுவினரும், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலே சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981-இலே அறிக்கை தந்தார்கள்.

அவர்கள் கண்டது என்ன? வண்டியின் பழுதால் நேர்ந்த விபத்து 100-க்கு 3-க்கும் குறைவு. அந்த மூன்றிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சரானதால் நேர்ந்தவை. வேறு வண்டி எதிலும் மோதாமல் தானாகவே விழுந்தவர்களில், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியவரின் பிழை: பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கியது, வளைவிலே வேகம் மிஞ்சி வெளியே போனது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளிலோ, மூன்றில் இரண்டு பங்கு எதிரே வந்த வண்டிக்காரர் வழிவிட வேண்டிய இடத்திலே வழிவிடாத குற்றம். இன்னும் ஒன்று கண்டார்கள். விபத்துக்கு ஆளானவர்களில் 100-க்கு 92 பேர் முறையாகப் பயிற்சி பெறாதவர்கள். தாமாகவே கற்றவர்கள், அல்லது அண்ணன் தம்பியிடமும் நண்பனிடமும் கற்றவர்கள்.

கேட்டதும் கம்பெனி முதலாளி எழுந்து நின்று கைதட்டுவார்! "பார்த்தீர்களா? 3 கூட இல்லையாம்!" என்பார். கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள் அவரை. அது 1981, இது இன்று. அது லாஸ் ஏஞ்சல்ஸ். இது நம் ஊர். அங்கே சாலைக் குறையால் நேர்ந்ததும் 100-க்கு 2 என்றுதான் எழுதினார்கள். அந்த 2 என்ற கணக்கை மழைக்காலத்திலே நம் ஊர்த் தெருவிலே வந்து சொன்னால், பள்ளத்திலே தேங்கிய நீரே சிரிக்கும்! எண்ணை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் அந்த ஆராய்ச்சி காட்டும் திசையை மறுக்க முடியாது. தானாக விழுந்தவன், முதலிலே தன் கையைப் பார்க்க வேண்டும். பிறகு கம்பெனியின் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம்.

கைக்கு எட்டியது

தோழர்களே, நம்மவர்களிடமே நாம் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். முதலாளியைக் கேட்க உரிமை வேண்டுமானால், நம்மை நாமே கேட்கும் துணிவு முதலிலே வேண்டும்.

முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புறக் கவிழும் என்று நம்பிக்கொண்டு, காலாலே பின் பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! வண்டியை நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்தின் மேலே சாய்கிறது. ஆகவே சாலையை அழுத்திப் பிடிப்பது முன் டயர். பின் டயரோ பாரம் குறைந்து மிதக்கிறது. அந்த நேரத்திலே பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால், பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு பக்கவாட்டிலே சறுக்குகிறது. மறுபுறம், மணல் கொட்டிக் கிடக்கும் வளைவிலே, வண்டியைச் சாய்த்துக்கொண்டே முன் பிரேக்கை இறுக்கினால், முன்சக்கரம் வழுக்கி அந்தக் கணமே ஆள் தரையிலே. நேராக நிமிர்த்திக்கொண்டு, இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியும், அதற்குட்பட்ட சிறு வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து இயங்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் விதி வந்தது ஏன்? பயந்த கை தவறு செய்யும் என்று தெரிந்துதான்!

டயரிலே காற்று இருக்கிறதா என்று பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? செயின் தொங்குகிறதா? டயர் தேய்ந்து வழுக்கைத் தலையாகிவிட்டதா? இவற்றைப் பார்க்க எஞ்சினீயர் பட்டம் தேவையில்லை. குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று கேட்போம், கோபித்துக்கொள்ள வேண்டாம். பின்சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் காப்பு வைக்க வேண்டும், பின்னே இருப்பவரின் ஆடை சக்கரத்திலே சிக்காதிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்லுகிறது. கம்பெனிக்காரன் பொருத்தித்தான் அனுப்புகிறான். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் என்ன நடக்கிறது? "சாரி கார்டு அழகைக் கெடுக்கிறது" என்று தம்பி கழற்றிப் பரணிலே போடுகிறான்! கண்ணாடியையும் கழற்றுகிறான். கைப்பிடியை மாற்றுகிறான். பிறகு ஒரு நாள் அம்மாவைப் பின்னே உட்கார வைத்துக்கொண்டு போகிறான், முந்தானை சக்கரத்திலே சுற்றிக்கொள்கிறது, அம்மா விழுகிறாள். அப்போது சபிக்கிறான், யாரை? கம்பெனியை! பரணிலே கிடக்கும் அந்தக் காப்புக் கம்பிக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்?

தலைக்கவசத்தின் கதையும் அதுவே. 2022-இலே தலைக்கவசம் இல்லாமல் மாண்டவர்கள் 50,029 பேர் என்கிறது அதே அமைச்சகக் கணக்கு. எந்தத் தயாரிப்பாளனும் வந்து அதைக் கழற்றச் சொல்லவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆபத்தை விளைவிக்கக்கூடிய குறையோடு வண்டியைப் பொதுச் சாலையிலே ஓட்டினால் குற்றம். எந்தக் குறை? ஓட்டியவருக்குத் தெரிந்த குறை, அல்லது சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் அவரே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை. சாதாரணக் கவனம்! எவ்வளவு நியாயமான அளவுகோல்! மேதையாக இரு என்று சட்டம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளாதே என்றுதான் கேட்கிறது.

கண்ணுக்கு எட்டாதது

அதே அளவுகோலைத் திருப்பிப் பிடியுங்கள், தோழர்களே! சாதாரணக் கவனத்துக்கு எட்டியது ஓட்டுபவன் பொறுப்பு என்றால், சாதாரணக் கவனத்துக்கு எட்டாதது யார் பொறுப்பு? வண்டியை வரைந்தவன் பொறுப்பு, வார்த்தவன் பொறுப்பு, விற்றுப் பணத்தை எண்ணியவன் பொறுப்பு!

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்பீல்டு நிறுவனம் 2021 மே மாதத்திலே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எஞ்சின் எரியூட்டும் சுருளிலே குறை இருக்கலாம்; அதனால் எஞ்சின் தடுமாறலாம், அரிதாக மின்கசிவும் நேரலாம்; ஆகவே இந்தியாவிலும் வேறு சில நாடுகளிலும் விற்ற 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதிக்கிறோம் என்றது. அதே ஆண்டு டிசம்பரிலே இன்னொரு அறிவிப்பு: பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள கிளாசிக் 350 வண்டிகளில் 26,300 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிரேக் மிதியை மிகுந்த பலத்தோடு மிதிக்கும் சில நிலைமைகளிலே, பிரேக்கைத் தாங்கும் இரும்புத் துண்டு சேதமடையக்கூடும் என்று காரணம் சொன்னது.

தானாக முன்வந்து சொன்னதைப் பாராட்டுவோம், நியாயம் நியாயம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்த அறிவிப்பு வருமுன்னே ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்து, வண்டி நிற்காமல் சரிந்து விழுந்திருந்தால், தெருவிலே என்ன தீர்ப்பு கிடைத்திருக்கும்? "ஓட்டத் தெரியாதவன்!" அவ்வளவுதானே? சக்கரத்துக்கு அருகே, இரும்புக்குள்ளே ஒளிந்திருக்கும் பலவீனத்தை எந்தக் கொத்தனார் கண்டுபிடிக்க முடியும்? எந்தத் தறித் தொழிலாளி குனிந்து பார்த்தால் தெரியும்?

"எல்லாம் ஓட்டுபவன் குற்றம்" என்ற பாட்டு புதிய பாட்டும் அல்ல. அமெரிக்காவிலே கார் முதலாளிகள் பல்லாண்டு பாடிய பாட்டு அது. வண்டியிலே குறை இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னே இருக்கும் ஆளிடம்தான் குறை என்று சாதித்தார்கள். 1965-இலே ரால்ப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர், கார்களின் அமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது என்று ஒரு நூல் எழுதினார். மாபெரும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி என்ன செய்தது? குறையைத் திருத்துவதற்கு முன்னே, அந்த இளைஞரின் பின்னே துப்பறிவாளரை ஏவிற்று! விஷயம் வெளிவந்து, 1966-இலே அக்கம்பெனியின் தலைவர் செனட் குழுவின் முன்னே மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரு பேனா, எதிரே உலகின் மிகப் பெரிய கார் கம்பெனி. வென்றது எது? ஆதாரத்தைக் கையிலே வைத்திருந்த பேனா!

கம்பெனி குற்றவாளி என்று நாம் சொல்லும்போது, ஓசூரிலும் ஒரகடத்திலும் வரிசையிலே நின்று போல்ட் முடுக்குகிறானே நம் தோழன், அவனைச் சொல்லவில்லை. ஒரு வண்டிக்கு எத்தனை விநாடி என்று வேகத்தைக் குறிப்பவன் அவன் அல்லன். எந்தத் துண்டுக்கு எந்த இரும்பு என்று முடிவு செய்பவனும் அவன் அல்லன். பழி வரும்போது அவன் தலையிலே தள்ளிவிட்டு, லாபம் வரும்போது தான் வாங்கிக்கொள்ளும் தந்திரத்துக்கு நாம் இடம் தர மாட்டோம். வண்டியைச் செய்பவனும் உழைப்பாளி. வண்டியிலிருந்து விழுபவனும் உழைப்பாளி. இருவரையும் மோதவிட்டு இடையிலே நழுவ யாரையும் விடக்கூடாது.

இருவர் பங்கும் கலந்த இடம்

எல்லா விழலையும் இப்படி இரண்டாக வெட்டிவிட முடியுமா? முடியாது. சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து புறப்படுகிறார் ஒருவர். இடப்பக்கம் திரும்பும்போது வண்டி சாய்கிறது. ஸ்டாண்டு தரையிலே இடிக்கிறது. வண்டி தூக்கி எறிகிறது. யார் குற்றம்? மறந்தது ஓட்டியவர் குற்றம்; ஐயமில்லை. ஆனால் மனிதன் மறப்பான் என்பது செய்தவனுக்குத் தெரியாதா? வண்டி முன்னே போகும்போது தரையிலே பட்டால், ஸ்டாண்டு பின்னோக்கி மேலே மடங்கிவிட வேண்டும் என்று அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி சொல்லுகிறது. ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் அணைந்துவிடும் ஒரு சிறு சுவிட்ச் இன்று நம் நாட்டு வண்டிகள் பலவற்றிலே வந்துவிட்டது. ஒரு சுவிட்ச்! எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர் விழுந்த பின்னே வந்த சுவிட்ச்!

ஆகவே, ஓட்டியவரின் பிழை என்று நிரூபித்துவிட்டால் கம்பெனியின் பொறுப்பு முடிந்தது என்று எண்ணக்கூடாது. எளிதாகத் தடுத்திருக்கக்கூடிய பிழையைத் தடுக்காமல் விட்டவனுக்கும் பங்கு உண்டு. அதே போல, கம்பெனி சுவிட்ச் வைக்கவில்லை என்பதற்காக, ஸ்டாண்டை எடுக்காதவன் தியாகி ஆகிவிடவும் மாட்டான்.

சாலை போட்டவருக்கும் பங்கு உண்டு. சாலை அமைப்பிலே பாதுகாப்பு விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திலே 198-ஏ பிரிவு வந்தது. எப்போது? உயிர் போனால், அல்லது ஊனம் நேர்ந்தால்! முழங்கை சிராய்ந்தவனுக்கு அந்தப் பிரிவிலே இடமில்லை. அதைத் தனியே ஒரு நாள் பேசுவோம்.

சாட்சி யார் பெட்டியிலே?

இப்போது இன்றைய காலத்தின் மிகப் பெரிய கேள்விக்கு வருகிறோம். 2022 மார்ச் மாதம் அசாமிலே, குவாஹாட்டியிலே, ஓர் இளைஞர் மின்சார ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காயமுற்றார். வேகத்தடை வந்தபோது வேகம் குறைவதற்குப் பதிலாக வண்டி வேகம் எடுத்துவிட்டது, வண்டியிலேதான் குறை என்றார் அவர் தந்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்திலே ஆலை நிறுவிய ஓலா நிறுவனம் என்ன செய்தது? வண்டியிலிருந்து தனக்கு வந்து சேர்ந்த பதிவுகளை ஏப்ரல் மாதம் ஊரறிய வெளியிட்டது. அந்த இளைஞர் அளவுக்கு மீறிய வேகத்திலே ஓட்டியிருந்தார், பதறி பிரேக் பிடித்தார், வண்டியிலே கோளாறு ஏதும் இல்லை என்றது. எங்கள் அனுமதி இல்லாமல் எங்கள் தகவலை எப்படி வெளியிடலாம் என்று கொதித்தார் தந்தை.

யார் சொன்னது மெய்? அதைத் தீர்க்க நாம் நீதிபதி அல்லர். நம் கேள்வி வேறு. வண்டி எவ்வளவு வேகத்திலே போயிற்று, எந்த பிரேக் எப்போது அழுத்தப்பட்டது, எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சி வண்டிக்குள்ளே இருக்கும் அந்தப் பெட்டி. வண்டிக்குப் பணம் கொடுத்தவர் தந்தை. விழுந்தவர் மகன். சாட்சியோ கம்பெனியின் கையிலே! தனக்குச் சாதகமானால் வெளியிடலாம், பாதகமானால்? வெளியிடு என்று கேட்க யாருக்கு வழி இருக்கிறது? பிரதிவாதியின் பையிலே சாட்சியை வைத்துக்கொண்டு நடக்கும் வழக்கை வழக்கு என்று சொல்லலாமா? பழைய வண்டி விழுந்தால், இரும்பையாவது இரண்டு மெக்கானிக்கிடம் காட்டி விசாரிக்கலாம். புதிய வண்டி விழுந்தால், அதன் உள்ளே இருப்பதைக் கம்பெனியின் கருவி ஒன்றுதானே படிக்கிறது!

ஆகவே நாம் கேட்பது இது. வண்டியின் பதிவு வண்டிக்காரனுக்குச் சொந்தம் என்று ஆக்குங்கள். விழுந்தவன் கேட்டால், முழுப் பதிவையும், வெட்டாமல் ஒட்டாமல், குறித்த நாட்களுக்குள் தர வேண்டும். கம்பெனியும் கை வைக்க முடியாத, ஓட்டியவனும் கை வைக்க முடியாத நடுநிலையாளர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். ஓட்டியவன் குற்றம் என்று அதிலே வந்தால், தலை வணங்கி ஏற்போம். கம்பெனியின் குற்றம் என்று வந்தால், கம்பெனி தலை வணங்கட்டும்!

சட்டம் தந்திருப்பதும் தராததும்

சட்டத்திலே ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு ஆணையிட மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்த ஆணைக்கு வழி எது? குறித்த விழுக்காடு உரிமையாளர்கள் புகார் செய்வது ஒரு வழி. தோழர்களே, இதைக் கோடிட்டுப் படியுங்கள். புகார் எண்ணிக்கையிலே பலம் இருக்கிறது! அதே சட்டத்தின் 182-ஏ பிரிவு, அந்த அத்தியாயத்தின் விதிகளை மீறும் தயாரிப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 100 கோடி ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே என்கிறது.

அதே 2019-இலே வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, செய்முறைக் குறை, அமைப்புக் குறை, சரியாக எச்சரிக்காத குறை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. உடலுக்கு நேர்ந்த காயம் அதிலே சேரும். வண்டிக்கே நேர்ந்த சேதம் சேராது. அதற்குக் குறையுள்ள பொருள் என்று புகார் எழுத வேண்டும். வண்டியின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், மாவட்ட ஆணையத்திலே கட்டணமே இல்லை. கம்பெனி எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

ஆனால் 87-ஆம் பிரிவையும் படியுங்கள். தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, மாற்றப்பட்டிருந்தாலோ, விற்றவர் மேலே வழக்கு நிற்காது. தானே விற்கும் தயாரிப்பாளரும் விற்றவரிலே அடங்குவார். பரணிலே சாரி கார்டைப் போட்ட தம்பிக்கு இப்போது புரிகிறதா? அழகுக்காகக் கழற்றிய கம்பி, கம்பெனி வக்கீலுக்கு ஆயுதமாகப் போகிறது! நம் சிறு அலட்சியம் ஒவ்வொன்றும் அவர்களுக்குக் கேடயம். பொய்யாக ஒருவன் கம்பெனியைக் குற்றம் சொன்னால், நாளை மெய்யாகச் சொல்லுபவனையும் எவனும் நம்ப மாட்டான். எல்லா விழலுக்கும் கம்பெனியே காரணம் என்று கூவுகிறவன் கம்பெனியின் எதிரி அல்லன். அறியாமலே கம்பெனிக்கு உதவி செய்பவன்!

சட்டத்திலே ஒரு முள்ளும் இருக்கிறது. குறை உண்டா என்று சோதிக்க, வண்டியைப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆணையம் அனுப்பலாம். ஆனால் அந்தச் சோதனைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டும்படி புகார் செய்தவரைக் கேட்கலாம். கட்டணமில்லாக் கதவைத் திறந்துவைத்து, உள்ளே கட்டணச் சுவர் எழுப்பியது போல! மூன்று நாள் கூலி இழந்தவன் எங்கே போவான் பணத்துக்கு? ஒரகடத்திலே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் நிற்கிறது. கம்பெனிகளின் வண்டிகளைச் சோதிக்கும் அந்தக் கூடம், விழுந்தவனின் வண்டியையும் காசு கேட்காமல் சோதிக்கட்டும். செலவைத் தோற்றவர் கட்டட்டும். இது நாம் எழுப்ப வேண்டிய முழக்கம்.

செய்ய வேண்டியது

கோரிக்கை எழுப்பினால் மட்டும் போதாது, காரியமும் வேண்டும். ஊர்தோறும் நம் மன்றங்கள் இருக்கின்றன. ஆலைதோறும் சங்கங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலையிலே ஒரு திறந்த மைதானத்திலே இளைஞர்களைக் கூட்டுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். காற்றும் செயினும் டயரும் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கழற்றிய காப்பை மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள்.

யாரேனும் விழுந்தால், முதலிலே காயத்தைப் பாருங்கள். அடுத்து, வண்டியைக் கழற்றுமுன்னே படம் எடுங்கள்: சாலை, டயர், உடைந்த துண்டு எல்லாம். உடைந்த துண்டை ஷோரூமிலே விட்டுவிட்டு வராதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. "சார், இது சின்ன விஷயம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று இனிமையாகச் சொல்வார்கள். ஜாப் கார்டிலே உங்கள் குறையை உங்கள் சொல்லிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். உங்கள் சேஸிஸ் நம்பருக்குத் திரும்ப அழைப்பு உண்டா என்று கேளுங்கள். பிறகு, சங்கத்திலே ஒரு ஏடு போடுங்கள்: எந்த வண்டி, எந்த நாள், எங்கே, எப்படி விழுந்தது? ஒரே வண்டி, ஒரே இடத்திலே, ஒரே மாதிரி, பத்துப் பேரிடம் உடைந்தால், அது பத்துப் பேரின் கைப்பிழையாக இருக்க முடியுமா? ஒருவன் சொன்னால் முணுமுணுப்பு. நூறு பேர் எழுதிக் கையெழுத்திட்டால் சட்டத்தின் கதவிலே இடிக்கும் சம்மட்டி!

அந்த ஏட்டிலே, நம்மவர் பிழையால் விழுந்ததையும் அப்படியே எழுதுங்கள். மறைக்காதீர்கள். தன் பிழையையும் எழுதிய ஏட்டைத்தான் ஊர் நம்பும், நீதிமன்றமும் நம்பும்.

விழுந்தவன் குற்றமா, விற்றவன் குற்றமா என்று தொடங்கினோம். கைக்கு எட்டியதைக் கவனிக்காதது விழுந்தவன் குற்றம். கண்ணுக்கு எட்டாததை மறைத்து வைப்பது விற்றவன் குற்றம். முதற் குற்றத்தை நாம் இன்றே களைவோம்; அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. களைந்த கையோடு, இரண்டாவது குற்றத்தைச் சுட்டிக் காட்டுவோம். அப்போது அந்தச் சுட்டு விரலைத் தட்டிவிட எந்த முதலாளிக்கும் துணிவு வராது!